அளக்காத வாசல்

மலை இறங்கி வயலாகிற இடத்தில் ஓர் ஊர். அந்த ஊர்ப்பக்கம் சாவு விழுந்தால், பாடை கட்டச் சொல்வதற்கு முன்னால் மூக்காயியைக் கூப்பிடத்தான் ஆள் போகும்.

மூக்காயி ஒப்பாரிக்காரி. ஒப்பாரி என்றால் சும்மா கத்தி அழுவது இல்லை. செத்தவர் வாழ்ந்த கதையைப் பாட்டாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். மூக்காயி எடுத்துக் கொடுத்தால் கல்நெஞ்சுக்காரியும் மாரில் அடித்துக்கொள்வாள் என்று பேர்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. குரல் பத்தாமல் சிலர் போனார்கள். பிணத்தைக் கண்டு பயந்து சிலர் போனார்கள். நிலைத்தவள் சொர்ணக்கிளி ஒருத்திதான்.

வயசில் சொர்ணக்கிளிதான் மூத்தவள். நரைகூட அவளுக்குத்தான் முதலில் விழுந்தது. இருந்தாலும் பாட்டில் மூத்தவளை அக்கா என்றே கூப்பிட்டாள்.

அவள் குரல் அப்படிப்பட்ட குரல். அவள் பாடினால் பாடையில் கிடக்கிறவன் ஒரு தரம் கண்ணைத் திறந்து, யார் பாடுவது என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அவளுக்குள்ளே ஒரு முள்ளும் இருந்தது. அவளைப் பெற்றவள் செத்த அன்றைக்கு அவள் வேறொரு ஊரில், வேறொரு சாவில் பாடிக்கொண்டிருந்தாள். ஆள் வந்து காதில் சொன்னபோது பாட்டு பாதியில் இருந்தது. முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல் ஆறிக் கிடந்தது. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "நல்லா அமைஞ்ச பாட்டப் பாதியில விட முடியுமா?" என்று சீறுவாள். கேட்டவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பக்கத்து ஊரில் ஒரு தச்சர் இறந்துவிட்டார். குத்தாலம் ஆசாரி என்று பேர். காலையில் உளியோடு உட்கார்ந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மூக்காயியும் சொர்ணக்கிளியும் வரப்பு வழியே நடந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"சாவு வீட்டுல எது பெரிசு? செத்தவியளா, அழுவுறவியளா, பாட்டா?"

"நீ என்ன நெனைக்க?"

"பாட்டுதான்."

"ம்."

"செத்தவிய சாம்பலாப் போவாவ. அழுவுறவிய நாலு நாள் கழிச்சி எண்ண தேச்சிக் குளிச்சிருவாவ. அழகா அமைஞ்ச பாட்டு மட்டுந்தான் நிக்கும். அழகா ஒண்ணு அமைஞ்சுட்டா, அதுக்கு முன்னால மத்தது எல்லாம் பொறவுதான். இல்லன்னு சொல்லுவியளா?"

"செருப்பக் கையில எடுத்துக்கோ. வாய்க்கா வருது."

கேட்ட கேள்விக்குப் பதிலா இது? சொர்ணக்கிளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பை எடுக்காமலே வாய்க்காலில் இறங்கினாள். ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் தண்ணீரிலேயே விட்டெறிந்தாள்.

மூக்காயி திரும்பிப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

ஆசாரி வீட்டு வாசலில் கூட்டம். நிலை இருந்தது, கதவு இல்லை. நிலையின் மேல்கட்டையில் ஒரு சாக்குத் தொங்கியது. பிணம் இருக்கிற வீடு என்பதால் அதை ஓரமாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள்.

ஆசாரியின் தொழில் கூட்டாளி மந்திரமூர்த்தி ஆசாரி எதிரே வந்தார்.

"தாயி, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. அவரு பொஞ்சாதி ஆவுடையா இன்னும் ஒரு சொட்டு அழல. மக பூரணம் வந்தா. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. ஆவுடையா பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இப்படியே போனா நெஞ்சடைச்சு இன்னொரு பாட கட்டணுமோன்னு பயமா இருக்கு. எப்படியாவது அழ வச்சிருங்க."

உள்ளே போனார்கள். ஆசாரியைக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் ஒரு இளம்பெண், அதுதான் பூரணம். வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஆவுடையாள்.

சொர்ணக்கிளி இவர்களில் யாரையும் பார்க்கவில்லை. பிணத்துக்குப் பின்னால் சுவரில் சாய்த்திருந்ததைப் பார்த்தாள்.

அது ஒரு கதவு. கனமான ஒரே தேக்குப் பலகை. மேலே கிளிக்கூட்டம், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒரு கிளி கழுத்தைத் திருப்பித் தன் முதுகைக் கொத்திக்கொண்டிருந்தது. நடுவில் பூங்கொடிகள். கீழே ஒரு தாமரைத் தடாகம். காற்றில் புரண்ட இலையின் அடிப்பக்கத்து நரம்புகூடத் தெரிந்தது. வலது ஓரத்தில் ஒரே ஒரு பூவில் ஓர் இதழ் மட்டும் பாக்கி.

அவளுக்குள் பாட்டு எழுந்தது. செத்தவருக்காக இல்லை.

"அக்கா, இன்னிக்கு நா எடுத்துக் குடுக்கேன்."

மூக்காயி அவள் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடம் விட்டுப் பாடு" என்றாள். எப்போதும் சொல்வதுதான். ஒரு வரி சொன்னால் அடுத்த வரிக்கு வீட்டுக்காரிகள் வாய் திறக்க இடம் வேண்டும். சொர்ணக்கிளி எப்போதும் சரி என்பாள். பாட ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஒரு நீள இழுப்பு, ஒரு வளைவு, ஒரு குழைவு வந்து உட்கார்ந்துவிடும். அவ்வளவு அழகான இடத்தைச் சும்மா விட மனசு வராது.

சொர்ணக்கிளி தலைமயிரை அவிழ்த்துவிட்டாள். பாடினாள்.

"தாமரைய வளத்தியளே - எஞ்சாமி
தண்ணியில்லாக் கட்டையில.
கிளியப் பறக்கவிட்டு - எஞ்சாமி
கிளையோட சாஞ்சியளே.
உசுரு பறந்த வழி - எஞ்சாமி
ஒங்க கிளிக்குத் தெரியலையே."

அப்படி ஒரு பாட்டை அந்த ஊர் கேட்டதில்லை. மாரில் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள் முந்தானையை அப்படியே பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தாள். சங்கு ஊதுகிறவர் சங்கை மடியில் வைத்துவிட்டுத் தாளம் போட்டார். வாசலில் நின்ற கோயில் தர்மகர்த்தா கண்ணை மூடித் தலையை ஆட்டி, "ஆகா" என்றார்.

அந்தச் சொல் விழுந்ததுதான் தாமதம், ஆவுடையாள் எழுந்தாள். ஓரத்தில் இருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிச் சொர்ணக்கிளியின் தலையில் கவிழ்த்தாள்.

"நிறுத்துட்டி."

பாட்டு நின்றது. தண்ணீர் சொட்டியது.

"தாமரையாம் தாமர. இது எழவு வீடா, ஒன் கச்சேரியா? தலையாட்டுதான் பாரு எல்லாவனும். யாரப் பத்திப் பாடுத நீ? அந்த மனுசன ஒனக்குத் தெரியுமா?"

"கதவப் பாத்தேன். அது போதும்" என்றாள் சொர்ணக்கிளி.

"கதவப் பாத்தா. வாசலப் பாத்தியா?" ஆவுடையாள் சாக்கைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழ்ந்து அது நிலையில் தொங்கியது. "இதுதான் எங்க வீட்டுக் கதவு. நல்லாப் பாரு. இதப் பாடு.

"எம் மக பொறந்த வருசம் தொடங்குனாரு அந்தக் கட்டைய. ஊருக்கெல்லாம் கதவு செஞ்சவன் வீட்டுக் கதவு ஊரு காணாத கதவா இருக்கணும், பொறுன்னாரு. பொறுத்தேன். மழைக்குச் சாக்கு நனைஞ்சு நாறும். நாய் உள்ள வந்து சோத்துப் பானைய உருட்டும். பொறுத்தேன். எம் மக சமைஞ்சா. சமைஞ்ச பிள்ளைய வச்சிக்கிட்டுக் கதவில்லா வீட்டுல எப்படிக் கண்ண மூட? நெலைக்குக் குறுக்க நா படுத்துக் கெடந்தேன். ஒரு பலகையையாவது அடிச்சித் தாரும்னு கால்ல விழுந்தேன். இன்னும் ஒரு எதழுன்னாரு.

"எங்கண்ணன் வந்தான். கதவுள்ள வீட்டுல வளரட்டும்னு பிள்ளையக் கூட்டிட்டுப் போனான். அங்கேயே வளந்தா. அங்கேயே கட்டிக் குடுத்தாவ. எம் மகளுக்குத் தல பின்னிவிடல நா. அவ போன அன்னைக்கும் அந்த மனுசன் எதழுதான் செதுக்கிக்கிட்டு இருந்தாரு. தல நிமிரல."

பூரணம் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மந்திரமண்ணே, அந்தச் சனியன எடுத்து வெளிய போடும். சுடுகாட்டுக்கு விறகு அதுதான். அவரோட சேந்து எரியட்டும்."

அவ்வளவுதான். கூட்டம் கொதித்தது. தர்மகர்த்தா சாக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஆவுடையா, புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? அது கோயிலுக்கு வர வேண்டிய கதவு. நா அவருகிட்ட எத்தன தடவ கேட்டேன் தெரியுமா?"

"கோயிலுக்குக் கதவு இல்லையோ?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"இல்லாதவ நாந்தான?"

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொர்ணக்கிளியால் மூட முடியவில்லை.

"ஒனக்குக் கண்ணு இல்லையா? ஒரு தடவையாவது அதத் தடவிப் பாத்திருக்கியா? கதவில்லாம இருந்துட்டா என்ன, செத்தா போயிட்ட? நீயும் போவ, நானும் போவேன். அது நிக்கும். ஒன்னவிடப் பெரிசு அது."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் சூடு அவளுக்கே தெரிந்தது. பூரணம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள முடியாமல் சொர்ணக்கிளி மூக்காயி பக்கம் திரும்பினாள்.

மூக்காயி எழுந்து கதவருகே போனாள். மேலிருந்து கீழாக, கிளி, கொடி, பூ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே குனிந்தாள். பாக்கி நின்ற இதழில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.

"இதுமாதிரி ஒண்ண நா பாத்ததில்ல" என்றாள்.

சொர்ணக்கிளிக்கு மூச்சு வந்தது. அக்கா தன் பக்கம்தான்.

"ஆவுடையா, இது என்னது?" என்று மூக்காயி கேட்டாள்.

"என்ன கேள்வி இது? கதவு."

"மாட்டியிருந்துச்சா?"

"இல்ல."

"சாத்தியிருக்கியா?"

"மாட்டாத கதவ எப்படிச் சாத்த?"

"அப்ப இது கதவு இல்ல."

"ஆமா. அதத்தான் நானும் சொல்லுதேன். விறகு."

"விறகுன்னா எரிக்கலாம். கதவுன்னா மாட்டலாம். எதுன்னு பாத்துருவோமா?"

ஆவுடையாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதழ் பாக்கியோடே மாட்டலாம் என்ற யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை போலும்.

மந்திரமூர்த்தி ஆசாரி முழக்கோலை எடுத்து வந்தார். நிலையை அளந்தார். கதவை அளந்தார். மறுபடி நிலையை அளந்தார். அப்புறம் கோலைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாமா?" என்றாள் பூரணம். அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அகலம் சரியா இருக்கு."

"உசரம்?"

"கூடுதும்மா. ஒரு முழம் கூடுது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தத் தாலுகாவில் எந்த வாசலுக்குக் கதவு என்றாலும் குத்தாலம் ஆசாரி போய் அளந்தால்தான் அளவு. ஒரு நூலளவும் பிசகாது. ராத்திரி பகலாக இழைத்த சொந்தக் கதவுக்கு, தினமும் நுழைந்து வெளியேறின சொந்த வாசலை, அந்த மனுசன் ஒரு தரம்கூட அளக்கவில்லை. கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குப் பூத்துக்கொண்டே போயிருக்கிறார்.

ஆவுடையாள் சிரித்தாள். கேட்கவே பயமாக இருந்த சிரிப்பு.

"பாத்தியளா. மாட்டணும்னு நெனப்பே இல்ல அவருக்கு. நாந்தான் பைத்தியக்காரி, ஒவ்வொரு ஆடிக்கும் கதவு வந்துரும் வந்துரும்னு இருந்தேன்."

"நெலையத் தூக்கி வைக்க முடியாதா?" என்று தர்மகர்த்தா கேட்டார்.

"மண் சுவரு. நெலையத் தொட்டா கூர எறங்கிரும்."

"அப்ப அறுக்கணும்" என்றாள் மூக்காயி.

"அக்கா." சொர்ணக்கிளி முன்னால் வந்து நின்றாள். "என்ன பேசுதிய? நீங்களா இதப் பேசுதிய?"

"மேல அறுக்கதா, கீழ அறுக்கதா?" மூக்காயி ஆவுடையாளைத்தான் கேட்டாள்.

ஆவுடையாள் கதவை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். நின்று பார்த்தாள். மகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"மேல உள்ள கிளியெல்லாம் இவ வீட்டுல இருக்கும்போது செஞ்சது. இவ மடியில உக்காந்து, இந்தக் கிளிக்கு மூக்கு பெரிசுப்பாம்பா. அவரு சிரிப்பாரு. கீழ உள்ள தாமரையெல்லாம் இவ போன பொறவு செஞ்சது." தாமரைப் பக்கம் கையைக் காட்டினாள். "கீழ அறுங்க."

மந்திரமூர்த்தி ஆசாரி ரம்பத்தைக் கொண்டுவந்தார். இருபுறமும் பிடி வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இழுக்கிற பெரிய ரம்பம். கதவை முற்றத்தில் இரண்டு கட்டைகள் மேல் கிடத்தினார்கள். கோடு போட்டார். போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங் கை வராது தாயி. நானும் உளி பிடிச்சவன்."

கூட்டத்தில் யாரும் முன்னால் வரவில்லை. ஆவுடையாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்தாள். கட்டிக்கொடுத்த புதிதில், மரம் அறுக்க ஆள் கிடைக்காத நாட்களில், புருசனுக்கு எதிர்ப்பக்கம் நின்று இழுத்த கை அது.

"அடுத்த பக்கம் யாரு?"

"கிளி, போ" என்றாள் மூக்காயி.

"நா மாட்டேன்."

"பாட வந்தோம். இன்னும் பாடல."

"ரம்பம் இழுக்கதா பாட்டு?"

மூக்காயி ரம்பத்தைக் கையால் காட்டினாள். ஒரு சொல்லை அவள் இரண்டாம் முறை சொல்லமாட்டாள். சொல்ல வைத்தவர்கள் யாரும் அவளிடம் நிலைத்ததில்லை.

சொர்ணக்கிளி போய்ப் பிடித்தாள். ஈரச் சேலை உடம்பில் ஒட்டியிருந்தது. கண் எரிந்தது. இந்தப் பொம்பளையை ரம்பத்தோடு தள்ளிக் கீழே போட்டுவிட்டால் என்ன என்று இருந்தது. தள்ளவும் செய்தாள்.

ரம்பம் வளைந்து மாட்டிக்கொண்டது.

"தள்ளாத" என்றாள் ஆவுடையாள். "இழு. இழுத்துட்டு விடு. நீ விட்டாத்தான் நா இழுக்க முடியும்."

"விடத்தான் செய்யுதேன்."

"விடல. புடிச்சிக்கிட்டே இருக்க. கைய எடுக்க வேண்டாம், பலத்த எடு."

மறுபடி. இழுத்தாள், விட்டாள். ரம்பம் இறங்கியது. பாக்கி இதழ் இருந்த பூவின் நடுவில் பல் பதிந்தபோது சொர்ணக்கிளிக்குத் தன் விரலிலேயே பதிந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். தேக்குத் தூளின் வாசம் எழுந்தது.

போய் வந்தது ரம்பம். போய் வந்தது. ஆவுடையாளின் மூச்சு அதோடு சேர்ந்து போய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சில் சொல் ஏறியது. முதலில் அது திட்டுதான்.

"ஊருக்கெல்லாம் கதவு வச்ச - ஏ மனுசா
எனக்குச் சாக்கக் கட்டிவிட்ட.
ஈர நாயி படுத்த எடம் - ஏ மனுசா
எம் புள்ள படுத்த எடம்.
பூவுக்கு எதழு பாத்த - ஏ மனுசா
பொண்ணுக்கு மறைப்பு பாத்தியா?"

குரல் நன்றாகவே இல்லை. கீச்சென்று ஏறி உடைந்தது. ஒரு வரி நீண்டது, ஒரு வரி பாதியில் செத்தது. அப்படி ஒரு வரி செத்த இடத்தில் சொர்ணக்கிளியின் தொண்டை தானாகத் தயாரானது. அங்கே போட வேண்டிய வளைவு அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். அப்போது ரம்பம் ஆவுடையாள் பக்கம் போக வேண்டிய முறை. விட வேண்டும். விட்டாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

அந்த இடத்தில் வீட்டுக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது.

"கதவுள்ள வீட்டுக்குள்ள - ஏ அப்பா
கண்ணடைக்க முடியலியே.
தாழ்ப்பா விழும்போதெல்லாம் - ஏ அப்பா
தாயி மொகந் தேடினனே."

ஆவுடையாளின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் முன்னிலும் வேகமாக இழுத்தாள். முற்றத்தில் நின்ற பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாரும் ஆகா சொல்லவில்லை. தர்மகர்த்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தாய் திட்டினாள், மகள் திட்டினாள். ஒருத்தி விட்ட இடத்தில் ஒருத்தி. நடுவே கிடக்கிற மனுசனுக்குக் காது கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பார். சொர்ணக்கிளி இழுத்தாள், விட்டாள். உள்ளங்கையில் கொப்பளம் எழும்பி உடைந்தது.

தாமரைத் தடாகம் துண்டாகி விழுந்தது.

தர்மகர்த்தா குனிந்தார். "அந்தத் துண்டையாவது..."

"அது அவரோட போவட்டும்" என்றாள் ஆவுடையாள். "அவருக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான்."

மந்திரமூர்த்தி ஆசாரி தன் வீட்டிலிருந்து கீலும் தாழ்ப்பாளும் கொண்டுவந்தார். சாக்கை அறுத்தெறிந்தார்கள். நாலு பேர் பிடித்துக் கதவை நிறுத்தினார்கள். பொருந்தியது. கீழ் ஓரத்தில் பாதித் தாமரைகள் தரையில் முளைத்த மாதிரி நின்றன.

ஆவுடையாள் உள்ளே போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் அங்கிட்டு இருங்க."

"என்ன செய்யப் போற?" என்றார் தர்மகர்த்தா.

"என் வீட்டுக் கதவச் சாத்தப் போறேன்."

சாத்தினாள். உள்ளே அவள், மகள், அவர். தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

அப்புறம் அழுகை வந்தது. பாட்டும் இல்லை, வரியும் இல்லை. விக்கலும் சளியும் இருமலுமாக, யார் தாய் யார் மகள் என்று பிரிக்க முடியாதபடி வந்தது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை.

பொழுது மலைப்பக்கம் சாய்ந்தது. பாடை தூக்க வந்தவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். சங்கு ஊதுகிறவர் தொண்டையைச் செருமினார்.

"நேரமாச்சு" என்றார் தர்மகர்த்தா. "யாராவது கதவத் தட்டுங்க. ஏம்மா, நீதான் போயேன்."

சொர்ணக்கிளி கதவுக்கு முன்னால் போய்க் கையை ஓங்கினாள். கண்ணுக்கு நேரே கிளி. கழுத்தைத் திருப்பித் தன் முதுகைக் கொத்திக்கொண்டிருந்த அந்தக் கிளி. அதன் மூக்கு கொஞ்சம் பெரிசாகத்தான் இருந்தது. வந்தபோது இது கண்ணில் படவில்லை.

ஓங்கின கை அப்படியே நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ "எம்மா" என்று கூப்பிட்டார்கள். பூரணமாகத்தான் இருக்கும். ஆறிக் கிடந்த சாம்பல் ஒன்று சொர்ணக்கிளியின் கண்ணுக்குள் வந்து போனது. வந்தது கோபம் என்றே நினைத்துக்கொண்டாள். சடாரென்று திரும்பினாள்.

மூக்காயி முற்றத்தில் மரத்தூள் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அறுத்தாச்சு. பாதிப் பூவ எரிக்கப் போறாவ. நா பாடுனத நிறுத்தியாச்சு, நீங்க வாயே தொறக்கல. நா வழியில கேட்டதுக்கும் இன்னும் ஒரு பதிலும் இல்ல. ஒரு பாட்டுகூட உருப்படியா நடக்கல. எதுக்கு வந்தோம் நாம?"

மூக்காயி கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த தூளைக் கையால் ஒதுக்கி, உட்கார ஓர் இடம் செய்தாள்.

"குறுக்க பேசாத கிளி. பாட்டு நடக்கு."